இரண்டாவது மருத்துவரா, முன்மேசைக்கு ஓர் ஆளா?

ஒரு மருத்துவர், ஓர் உதவியாளர், கூண்டு கழுவித் தரை துடைக்க ஓர் அம்மா என்று மூன்று பேரை வைத்தே நம் மாவட்டத் தலைநகரங்களில் பல செல்லப்பிராணி கிளினிக்குகள் நடக்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பெஞ்சில் இடமில்லாமல், வாசலில் நிறுத்திய ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நாயை உட்கார வைத்துக்கொண்டு ஆட்கள் காத்திருக்கத் தொடங்கும்போது, இன்னொருவரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் மருத்துவருக்கு வந்துவிடுகிறது. கையில் இருப்பதோ ஒரு சம்பளத்துக்கான பணம். அதை இன்னொரு மருத்துவருக்குக் கொடுப்பதா, ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (மருத்துவர் அல்லர், சான்றிதழ் பெற்ற களப் பணியாளர்) ஒருவரை அழைத்துக்கொள்வதா, இருக்கிற உதவியாளரையே பழக்கிச் சம்பளத்தை உயர்த்துவதா, தொலைபேசியையும் பதிவையும் பார்த்துக்கொள்ள முன்மேசையில் ஒருவரை உட்கார வைப்பதா என்ற நான்கு வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

பலரும் முதலில் நினைப்பது இரண்டாவது மருத்துவரைத்தான். கூட்டம் மருத்துவரைப் பார்க்கத்தானே வருகிறது என்ற நியாயமும் அதற்கு உண்டு. ஆனால் அறுவை சிகிச்சை நிறைய நடக்கும் கிளினிக்கைத் தவிர மற்ற இடங்களில் அது மூன்றாவதாகச் செய்ய வேண்டிய செலவு என்பது என் கருத்து. முன்மேசைக்கு ஆள், உதவியாளருக்குப் பயிற்சி என்ற முதல் இரண்டையும் செய்யாமல் மூன்றாவதற்குப் போனால், எடை பார்ப்பதற்கும் தொலைபேசி எடுப்பதற்கும் ஐந்தரை ஆண்டு படித்த இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிலைதான் மிஞ்சும்.

எந்த வேலையை யாரிடம் விடலாம் என்பதைச் சம்பளக் கணக்குக்கு முன்பே சட்டம் ஓரளவு முடிவு செய்துவிடுகிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ஆவது பிரிவின்படி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே கால்நடை மருத்துவம் செய்யலாம். அதே பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. கால்நடை மேற்பார்வையாளர், கால்நடை உதவியாளர் போன்ற பணிகளுக்கான பட்டயமோ சான்றிதழோ பெற்ற ஒருவர், மாநில அரசு ஆணை பிறப்பித்து அனுமதித்தால், பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் சிறு கால்நடை மருத்துவச் சேவைகளைச் செய்யலாம். தடுப்பூசி போடுதல், விதை நீக்கம், காயத்துக்குக் கட்டுப் போடுதல் போன்ற முதற்கட்ட உதவிகளை அந்தச் சொல் குறிக்கிறது. பத்து ஆண்டுகள் கூடவே இருந்து கை தேர்ந்த பையன், சான்றிதழ் இல்லாதவனாக இருந்தால், இந்த விலக்குக்குள் வரமாட்டான். ‘டாக்டர் வர லேட்டாகும், கம்பவுண்டரே ஊசி போட்டுவிடுவார்’ என்ற பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. அந்த ஊசிக்குப் பிறகு நாய் ஒவ்வாமையில் சரிந்து விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் பெயர்ப் பலகையில் இருக்கும் மருத்துவர்தான்.

வெளிநாட்டு நிர்வாகக் கையேடுகளைப் படித்துவிட்டு அப்படியே நடத்த முயல்வோருக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டின் கால்நடை மருத்துவர்கள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, பதிவுபெற்ற கால்நடைச் செவிலியருக்கு, மருத்துவரின் வழிகாட்டுதலின்படி மருந்து கொடுக்கவும் உடற்குழிக்குள் போகாத சிறு அறுவைகளைச் செய்யவும் இடம் தருகிறது. அந்த நிலையில் உள்ள பதிவுபெற்ற செவிலியர் என்ற வகுப்பே நம்மிடம் இல்லை. ஆகவே ‘செவிலியரிடம் ஒப்படையுங்கள்’ என்று அந்தக் கையேடுகள் சொல்லும் வேலைகளில் ஒரு பகுதி நம் கிளினிக்கில் மருத்துவரிடமே இருந்தாக வேண்டும். ஒப்படைக்கக்கூடியது மீதிப் பகுதிதான். அந்த மீதி எவ்வளவு என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

ஒரு நாயை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். நான்கு வயது லாப்ரடார், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, காதோரம் உண்ணி. உள்ளே வந்ததும் பழைய சீட்டைத் தேடுகிறோம்; கிடைக்காததால் பெயர், வயது, கடைசித் தடுப்பூசி, குடற்புழு மருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்டு எழுதுகிறோம். எடை பார்க்கிறோம். வாய்க்கட்டுப் போடுகிறோம். ஆசனவாயில் வெப்பமானியை வைத்து ஒரு நிமிடம் நிற்கிறோம். 104 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டுகிறது. நாய்க்கு இயல்பான அளவு 101 முதல் 102.5 வரை என்பதால் அது காய்ச்சல்தான். ஈறு வெளுத்திருக்கிறதா, நிணநீர்க் கட்டிகள் வீங்கியிருக்கின்றனவா, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது மருத்துவரின் வேலை. பிறகு முன்னங்காலில் முடி மழித்து ரத்தம் எடுத்து, குழாயில் பெயர் எழுதி, கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தை மெல்லிய படலமாக (ஸ்மியர்) இழுத்து உலர்த்துகிறோம். உண்ணி பரப்பும் ரத்தக் கிருமிகளான எர்லிக்கியாவா, பெபீசியாவா என்று நுண்ணோக்கியில் தேடி முடிவு சொல்வதும் மருந்தின் அளவைத் தீர்மானிப்பதும் மருத்துவரின் வேலை. மாத்திரையை எப்படிக் கொடுப்பது, உண்ணியை எப்படி நீக்குவது, வீட்டுச் சுவர் இடுக்குகளில் இருக்கும் உண்ணியை என்ன செய்வது, மறுபடி எப்போது வருவது என்பதெல்லாம் விளக்கிப் பணம் வாங்கி அனுப்புகிறோம்.

இந்த வருகை இருபது நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மருத்துவப் பட்டம் தேவைப்பட்ட நேரம் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டாது. மாலை ஐந்து முதல் ஒன்பது வரை நான்கு மணி நேரத்தில், எல்லாவற்றையும் மருத்துவரே செய்தால் பன்னிரண்டு பேரைப் பார்க்கலாம். அவருடைய பங்கு பன்னிரண்டு நிமிடமாகச் சுருங்கினால் இருபது பேரைப் பார்க்கலாம். இரண்டாவது மருத்துவரைச் சேர்த்துப் பழைய முறையிலேயே நடத்தினால் இருபத்து நான்கு பேர். ஆனால் அதற்கு இன்னொரு மேசையும் இன்னோர் அறையும் வேண்டும். காலை நேரத்தில் நாலைந்து பேர் மட்டுமே வரும்போது அந்த இரண்டாவது நாற்காலி காலியாக இருக்கும். நான்கு பேரைக் கூடுதலாகப் பார்ப்பதற்கு இவ்வளவு கூடுதல் செலவு என்பதுதான் இந்த எளிய கணக்கு சொல்லும் சேதி. கணக்கு சற்றே முரட்டுத்தனமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; பூனை ஒன்று கூடையிலிருந்து தப்பி அலமாரியின் மேல் ஏறிக்கொண்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

இனி நான்கு வழிகள். முன்மேசைக்கு ஆள் வைப்பதைப் பெரிய மருத்துவமனைகளின் ஆடம்பரமாக நினைக்கிறவர்கள், தொலைபேசி மணி எத்தனை முறை பரிசோதனையை நிறுத்துகிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். ‘டாக்டர் இருக்காரா’, ‘ரேபிஸ் ஊசி எவ்வளவு’, ‘குட்டிக்கு எத்தனாவது நாள்ல ஊசி போடணும்’ என்ற மூன்று கேள்விகளுக்குள் பெரும்பாலான அழைப்புகள் அடங்கிவிடும். பார்வோ, டிஸ்டெம்பர் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும், வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போடப்படும் என்ற அளவுக்குத் தெரிந்த ஒருவர் இவற்றுக்கு மருத்துவரைத் தொந்தரவு செய்யாமல் பதில் சொல்லிவிடுவார். மறுவருகைக்கு முதல் நாள் நினைவூட்டுவது, வாந்தியும் ரத்தப் பேதியுமாக வரும் குட்டியை மற்றக் குட்டிகளோடு பெஞ்சில் உட்கார வைக்காமல் வெளியிலேயே நிறுத்துவது, பூனைக் கூடையை நாய்களுக்கு எதிரே வைக்காமல் பக்கவாட்டில் உயரமாக வைப்பது ஆகியவையும் அந்த நாற்காலியின் வேலைகள். ‘ராக்கி அப்பா’, ‘ஜூலி அம்மா’ என்று நாயின் பெயரால் உரிமையாளரை அழைக்கும் நம் ஊர்ப் பழக்கம் இதில் பாதி வேலையை முடித்துவிடுகிறது. பெயர் சொல்லி அழைக்கப்பட்டவர் கால் மணி நேரம் கூடுதலாகக் காத்திருக்கத் தயங்குவதில்லை.

அந்த நாற்காலியின் உண்மையான மதிப்பு, காத்திருக்கக் கூடாதவரை அடையாளம் காண்பதில் இருக்கிறது. நோயைச் சொல்வது முன்மேசையில் இருப்பவரின் வேலை அல்ல, சொல்லவும் கூடாது. ஆனால் சிறுநீர் வராமல் மணல்தட்டில் திரும்பத் திரும்ப முக்கும் ஆண் பூனை, வயிறு உப்பி வாந்தி வராமலே ஓங்கரிக்கும் பெரிய நாய், குட்டி போட முக்கத் தொடங்கி அரை மணி நேரத்துக்கு மேலாகியும் குட்டி வெளிவராத பெண் நாய், எலி மருந்து தின்றது, பாம்பு கடித்தது, வலிப்பு நிற்காதது, மே மாத வெயிலில் மூச்சிரைத்துத் துவண்டது, வீட்டில் பாரசிட்டமால் கொடுக்கப்பட்ட பூனை ஆகியவற்றை டோக்கன் வரிசை பார்க்காமல் உள்ளே அனுப்ப வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டால் போதும். ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்திருப்பதை ‘மலச்சிக்கல் போல இருக்கு, நாளைக்கு வர்றோம்’ என்று உரிமையாளர் தொலைபேசியில் சொல்வது வழக்கம். ‘மூத்திரம் போகுதா’ என்று எதிர்க்கேள்வி கேட்கத் தெரிந்தவர் மேசையில் இருப்பதும் இல்லாததும் அந்தப் பூனைக்கு உயிர்ப் பிரச்சினை. நாய் கடித்துவிட்டது, எங்களுக்கும் ஊசி போடுங்கள் என்று வரும் மனிதர்களுக்கு, சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவச் சொல்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைப்பதும் இதே மேசையில் நடக்க வேண்டியது.

இருக்கிற உதவியாளரைப் பழக்கி உயர்த்துவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. அதே சமயம், நம்மில் பலர் அரைகுறையாகச் செய்யும் வழியும் இதுவே. நாயைப் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவர் என்ற ஒரே தகுதியோடு சேர்த்துக்கொள்கிறோம். பிடிப்பதையாவது முறையாகக் கற்றுத் தருகிறோமா என்றால் அதுவும் இல்லை. முன்னங்காலில் ரத்தம் எடுக்கும்போது உதவியாளர் ஒரு கையால் நாயின் கழுத்தைத் தன் தோளோடு அணைத்து, மறு கையால் முழங்கையைப் பின்னாலிருந்து தாங்கி, கட்டைவிரலை மடிப்பின் மேல் வைத்து அழுத்திச் சற்றே வெளிப்பக்கமாக உருட்டினால், ரத்தக்குழாய் எழும்பி நகராமல் நிற்கும். முதல் குத்திலேயே ரத்தம் வரும். வெறுமனே காலை இறுக்கிப் பிடித்தால் நாய் உதறும், குழாய் வழுக்கும், மூன்று குத்து விழும், உரிமையாளர் முகம் சுளிப்பார். பூனைக்குக் கழுத்துத் தோலைப் பற்றித் தூக்குவதை விட்டுவிட்டு, பெரிய துண்டில் சுற்றி ஒரு காலை மட்டும் வெளியே எடுக்கும் முறையைக் கற்றுத் தர ஒரு வாரம் போதும்.

எடை, வெப்பநிலை, நாடி, மூச்சு ஆகியவற்றை எடுத்து அட்டையில் எழுதுதல், டிரிப் ஓடும் வேகத்தைக் கவனித்தல், ஸ்மியர் இழுத்தல், கருவிகளைக் கழுவி ஆட்டோகிளேவ் செய்தல் (நீராவியில் கிருமி நீக்குதல்), தடுப்பூசிக் குளிர்பெட்டி 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று காலையும் மாலையும் பார்த்துக் குறித்தல் என்று இந்த வேலைப் பட்டியல் நீளும். அந்தப் பெட்டிக்குள் மதியச் சாப்பாட்டுத் தயிர்ப் பாத்திரம் இருந்தால் அதை வெளியே எடுக்கும் அதிகாரமும், அது மருத்துவருடையதாகவே இருந்தாலும், உதவியாளருக்கு இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை மருத்துவ நிலையங்களுக்கும் பொருந்தும் என்பதால், ஊசி முனைகள் குத்திக் கிழியாத வெள்ளைப் பெட்டிக்கும் டிரிப் குழாய்கள் சிவப்புப் பைக்கும் போகின்றனவா என்பதற்கு ஒரு பெயர் பொறுப்பாக இருக்க வேண்டும். ‘எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டால் யாரும் பார்ப்பதில்லை. ஊசி போடுவதும், கெட்டமின் என்ற மயக்க மருந்து வைத்திருக்கும் அலமாரியின் சாவியும், நோயைப் பற்றிய பேச்சும் மட்டும் மருத்துவரிடம் இருக்க வேண்டும். உதவியாளருக்கும் கூண்டு கழுவும் அம்மாவுக்கும் வெறிநோய்க்கான முன்தடுப்பு ஊசியைக் கிளினிக்கின் செலவில் போட்டுவிட்டுத்தான் மற்றப் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும்.

இந்த வழியின் குறை, பழக்கியவர் போய்விடுவார் என்பதே. அடுத்த தெருவில் புதிதாகத் திறக்கும் கிளினிக் இரண்டாயிரம் ரூபாய் கூட்டிக் கொடுத்து அழைத்துக்கொள்ளும். அதைத் தடுக்க ஒரே வழி நாமே முதலில் கூட்டிக் கொடுப்பது. வேலையை மூன்று மடங்காக்கிவிட்டுச் சம்பளத்தைப் பழையபடி வைத்திருந்தால் போகிறவரைக் குறை சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மாடு, ஆடு அதிகம் வரும் ஊர்களில், அல்லது மருத்துவர் பண்ணைகளுக்கும் போய்வரும் இடங்களில், அவரைப் போன்ற துணை கிடைப்பது அரிது. சினை ஊசி, காயக் கட்டு, மாட்டை மடக்கிக் கட்டும் கயிற்று முறை எல்லாம் அவர் கைக்குப் பழகியவை; சான்றிதழும் அவரிடம் இருக்கும். ஒன்றரைக் கிலோ பூனைக்குட்டிக்கும் வாய் வைக்கத் தயங்காத ராட்வைலருக்கும் அந்தப் பழக்கம் அப்படியே கைகொடுக்காது. கிராமத்தில் முப்பது ஆண்டுகள் ‘டாக்டர்’ என்றே அழைக்கப்பட்டவர், தன்னைவிட முப்பது வயது குறைந்த மருத்துவரின் மேற்பார்வையில் இயங்கச் சம்மதிப்பாரா என்பதை ஒருமுறை தேநீர் குடித்தபடி வெளிப்படையாகப் பேசிவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். நகரத்துச் செல்லப்பிராணி கிளினிக் ஒன்றுக்கு அவர் முதல் தேர்வாக இருக்க மாட்டார்.

இரண்டாவது மருத்துவருக்கு வருவோம். நோயைக் கண்டறியவும் மருந்து எழுதவும் அறுக்கவும் உரிமை உள்ள இன்னொருவர் என்பதால், மற்ற மூவராலும் முடியாததை இவரால் செய்ய முடியும். முதல் மருத்துவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கும். புரியாத நோயில் கலந்து பேச ஆள் இருக்கும். எதிர்ப்பக்கத்தில், புதிதாகப் பட்டம் பெற்று வருகிறவர் அரசுப் பணிக்கான தேர்வாணையத் தேர்வுக்கோ முதுநிலைப் படிப்புக்கோ படித்துக்கொண்டிருப்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். அது அவருடைய உரிமை, ஆனால் ஓராண்டில் நாற்காலி மறுபடி காலியாகலாம் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும். ‘பெரிய டாக்டர்தான் பார்க்கணும்’ என்று காத்திருக்கும் உரிமையாளர்களால் முதல் ஆறு மாதம் ஒரு மேசையில் கூட்டமும் மறு மேசையில் ஈயும் இருக்கும். வரும் புது நோயாளிகளையும் மறுவருகைகளையும் முன்மேசையே பிரித்து அனுப்பினால்தான் இது சரியாகும். அதற்கும் முன்மேசையில் ஆள் வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

விதிவிலக்கு என்று தொடக்கத்தில் நான் சொன்னது அறுவை மேசையைப் பற்றி. பெண் நாய்க்குக் கருத்தடை அறுவை செய்யும்போது, வயிற்றுக்குள் கை வைத்திருக்கும் ஒருவரே மூச்சையும் ஈறின் நிறத்தையும் கண்ணிமைத் துடிப்பையும் கவனித்துக்கொண்டு மயக்க மருந்தையும் கூட்டிக் குறைக்க முடியாது. பழகிய உதவியாளர் மூச்சை எண்ணிச் சத்தமாகச் சொல்லலாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாளில் எழுதலாம். மூச்சு நின்றால் என்ன மருந்து, எவ்வளவு என்ற முடிவை அவர் எடுக்க முடியாது. வாரம் நாலைந்து அறுவை நடக்கும் கிளினிக்கில் இரண்டாவது மருத்துவரைத் தள்ளிப்போடுவது தவறு. அதே நேரம், எல்லா அறுவைகளையும் செவ்வாய், வெள்ளி காலைகளில் குவித்து, அந்த இரு நாளுக்கு மட்டும் ஒரு மருத்துவரை மணிக்கணக்கில் அழைத்துக்கொள்ளும் நடுவழியும் உண்டு. முழுநேரச் சம்பளத்தின் சிறு பகுதியில் அது முடிந்துவிடும், உதவியாளருக்கும் கருவிகளை முந்தின நாளே தயார் செய்ய நேரம் கிடைக்கும்.

ஆகவே நகரத்துச் சிறு கிளினிக்குக்கு என் வரிசை இப்படி அமையும்: முதலில் முன்மேசை, அதே மாதத்தில் உதவியாளரின் பயிற்சியும் சம்பள உயர்வும், அறுவை நாட்களுக்குப் பகுதிநேர மருத்துவர், இவை எல்லாம் இருந்தும் மாலையில் இருபது பேருக்கு மேல் வரிசை நிற்கிறது என்றால் முழுநேர இரண்டாவது மருத்துவர். இளம் மருத்துவர் ஒருவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில் முதல் இரண்டையும் முடித்துவிடலாம் என்பது என் அனுபவம்; ஊருக்கு ஊர் இது மாறும்.

என் வரிசையை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு ஆறு மாலைகள் மேசையில் வைத்திருங்கள். தொலைபேசிக்காகவோ பணம் வாங்கவோ பரிசோதனையை நிறுத்தினால் முதல் கட்டத்தில் ஒரு கோடு. எடை, வெப்பநிலை, முடி மழித்தல், குழாயில் பெயர் எழுதுதல் போன்றவற்றை நீங்களே செய்தால் இரண்டாவதில். பிடிப்பு சரியில்லாமல் மறுபடி குத்தினால் மூன்றாவதில். மருத்துவ வேலையிலேயே இருந்தும் இன்னொரு நோயாளிக்கு உடனே மருத்துவர் தேவைப்பட்டால் நான்காவதில். நான்காவது கட்டம் நிறைந்தால் தயங்காமல் மருத்துவரைத் தேடுங்கள். நான் போட்ட தாளில் மூன்றாம் நாளே முதல் கட்டத்தில் இடமில்லாமல் போய், கோடுகளைத் தாளின் பின்பக்கம் போட வேண்டியிருந்தது.